மூடுவிழாவுக்கு ஒரு தேதி கொடுங்க சாமி!

எண்ணூர் பக்கம் இனிமே அனல் மின் நிலையம் வேணாம்னு யாராவது வாயைத் திறந்தால் போதும், கேள்வி ரெடியாக வந்து விழும். "அப்போ உனக்கு கரண்ட் வேணாமா?" டீக்கடையில் வரும், ஷேர் ஆட்டோவில் வரும், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் வரும். இந்தப் பதிவுக்குப் பின்னூட்டத்திலும் கண்டிப்பாக வரும். அதனால் முந்திக்கொண்டு பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான் மக்களே. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதலில் ஊர் விவரம். நான் இருப்பது மாத்தூர். எம்.எம்.டி.ஏ. மாத்தூர்னு சொன்னால்தான் நிறைய பேருக்குப் புரியும். ஒரு பக்கம் மாதவரம், இன்னொரு பக்கம் மணலி. சென்னைன்னு பெருமையா சொல்லிக்கிறோம், ஆனா மாநகராட்சிக்குள்ளே எங்களைச் சேர்த்ததே 2011-லதான். எங்க ஊருக்குன்னு தனியா புகை கிடையாது. காத்து எந்தப் பக்கமிருந்து வீசுதோ அந்தப் பக்கத்துப் புகைதான் எங்க புகை. ஒரு நாள் ரிஃபைனரி, ஒரு நாள் உரக் கம்பெனி, வடகிழக்கிலிருந்து அடிச்சா மின் நிலையம். மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிறவங்க காத்தைப் பார்த்துட்டுத்தான் துணி விரிப்பாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

*

எண்ணூர் வட்டாரத்தில் இன்னைக்கு என்னென்ன ஓடுதுன்னு ஒரு கணக்கு போடலாம்.

வட சென்னை அனல் மின் நிலையம் முதல் நிலை: 1994-லிருந்து 1996-க்குள் வந்தது, 3 யூனிட், 630 மெகாவாட். இரண்டாம் நிலை: 2 யூனிட், 1,200 மெகாவாட். மூன்றாம் நிலை: 2024 மார்ச்சில் திறந்தார்கள், ஒரே யூனிட், 800 மெகாவாட். வல்லூரில் என்.டி.பி.சி.யும் நம்ம மின்வாரியமும் கூட்டா கட்டினது 1,500 மெகாவாட். மொத்தம் கூட்டினால் 4,130.

போதாதுன்னு இன்னும் இரண்டு வரிசையில் நிக்குது. எண்ணூர் சிறப்பு பொருளாதார மண்டலத்தில் 1,320 மெகாவாட். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் இருந்த இடத்தில் 'விரிவாக்கம்'ங்கிற பெயரில் 660. அதையும் சேர்த்தா 6,110 மெகாவாட். எல்லாம் ஒரே முகத்துவாரத்தைச் சுற்றி.

மெகாவாட்னா நமக்கு ஒண்ணும் உறைக்காது. அதனால அரிசிக் கணக்குல சொல்றேன். ஒரு யூனிட் கரண்ட் எடுக்க நம்ம நாட்டு நிலக்கரி சுமாரா 700 கிராம் எரியணும். இந்த நிலக்கரியில் மூணுல ஒரு பங்குக்கு மேல சாம்பல். ஆக ஒரு யூனிட்டுக்கு கால் கிலோ சாம்பல். மாசம் 100 யூனிட் ஓடுற சின்ன வீடு, அதுவும் முழுக்க நிலக்கரி கரண்ட்டிலேயே ஓடுதுன்னு வச்சுக்கிட்டா, 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி! நீங்க மாசாமாசம் கடையில ஒரு சிப்பம் அரிசி தூக்கிட்டு வரும்போது, எங்கேயோ ஒரு இடத்துல உங்க பேருல ஒரு சிப்பம் சாம்பல் இறங்கிட்டிருக்கு.

அந்த 'எங்கேயோ' எங்கேன்னு கேட்டா, செப்பாக்கம். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டையை ஒட்டியிருக்கும் கிராமம். சாம்பலில் கொஞ்சம் சிமெண்ட் கம்பெனிக்கும் சாம்பல் கல் அறுக்கிற இடத்துக்கும் போகும். மீதியைத் தண்ணியில் கரைத்துக் குழாய் வழியா குட்டைக்கு அனுப்புவாங்க. அந்தக் குழாய் வருஷக்கணக்கா ஒழுகி, கொசஸ்தலை ஆத்துலயும் கழிமுகத்துலயும் சாம்பல் படிஞ்சு கிடக்கு. ஆத்துல இறங்கினா சேறு கால்ல ஒட்டணும். இங்கே சிமெண்ட் மாதிரி ஒட்டும். எறா பிடிக்கிறவங்க, நண்டு பிடிக்கிறவங்க, பறியை வாயில் கவ்விக்கிட்டு கையாலேயே தடவி எறா எடுக்கிற இருளர்கள் எல்லாருக்கும் அந்த ஆழம் குறைஞ்ச ஆறுதான் வயித்துப் பிழைப்பு.

*

இதை எதிர்த்து யாருமே ஒண்ணும் செய்யலையான்னு நினைச்சுடாதீங்க. சென்னையின் மத்த பகுதிகளுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இங்கே சண்டை ஆரம்பிச்சாச்சு. அதுவும் பெரிய கட்சி, பெரிய பணம் எதுவும் இல்லாமல்.

காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அந்த வழக்கு 2016-ம் வருஷத்தது. சாந்தா ஷீலா நாயர் தலைமையில் நிபுணர் குழு போட்டு, ஆத்தையும் சாம்பலையும் ஆராய்ஞ்சு, 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மின்வாரியத்தின் மேல் தப்பு, சாம்பலை எடு, கழிமுகத்தைச் சரி பண்ணுன்னு. ஒரு குப்பத்து மனுஷர் ஒரு அரசு நிறுவனத்தை ஆறு வருஷம் விடாமல் பிடிச்சு இழுத்து இந்தத் தீர்ப்பை வாங்கியிருக்கிறார். இதுக்கு ஒரு விசில் அடிக்கலாமா வேணாமா?

அடுத்தது வரைபடக் கூத்து. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. அப்புறம் இங்கே புழங்கின இன்னொரு வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகமே காணோம்! வடிவேலு படத்தில் கிணறு காணாமல் போன மாதிரி, இங்கே ஆறே காணாமல் போச்சு. 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத்தான் இது வெளியே வந்தது. பத்து ரூபாய் மனு, ஐயா.

அதே 2017 ஜனவரியில் டி.எம்.கிருஷ்ணா பாடின 'சென்னை புறம்போக்கு பாடல்' வந்தது. எண்ணூர் பக்கம் நின்று, முகமூடி போட்டுக்கொண்டு எடுத்த வீடியோ. அக்டோபரில் கமல் நேராக ஆத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு நாள் முழுக்க டிவியில் எண்ணூர்தான். மறுநாள் வேற நியூஸ். ஆனா அந்த ஊர்க்காரர்கள் மறுநாளும் அங்கேதான் இருந்தாங்க. பூவுலகின் நண்பர்கள் மாதிரி அமைப்புகளும், வக்கீல்களும், காலேஜ் பசங்களும் தொடர்ந்து கூட நின்னாங்க.

இவ்வளவும் சரி. ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

*

நம்ம பக்கத்துப் போராட்டமெல்லாம் பெரும்பாலும் 'ஒழுங்கா நடத்து'ன்னு கேட்கிற போராட்டம். குழாயை மாத்து, சாம்பலை அள்ளு, புகையை வடிகட்டு, உள்ளூர்க்காரனுக்கு வேலை கொடு. எல்லாம் நியாயமான கோரிக்கை. ஆனா 'எப்போ மூடுவ?'ங்கிற கேள்வி கடைசி வரியிலதான் வருது. அது முதல் வரிக்கு வரணும்னு நான் நினைக்கிறேன். ஏன்னா 'ஒழுங்கா நடத்து'ங்கிறதுக்கு நமக்குக் கிடைச்ச பதிலோட சரித்திரம் இருக்கே, அது சந்தி சிரிக்கிற சரித்திரம்.

ஒண்ணு பாருங்க. அனல் மின் நிலையப் புகையில் கந்தகம் எவ்வளவு இருக்கலாம்னு 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. இரண்டு வருஷத்துல கருவி மாட்டணும். 2017 வந்தது, கெடு தள்ளிப்போச்சு. அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. நம்ம வீட்டு கரண்ட் பில்லை ஒரு நாள் தாமதமா கட்டினா ஃபியூஸைப் பிடுங்க வர்றாங்க, இங்கே பத்து வருஷம் தள்ளியாச்சு. கடைசியில் 2025 ஜூலையில் நாட்டில் இருக்கிற பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கருவியே கட்டாயமில்லைன்னு அறிவிச்சுட்டாங்க. பத்து வருஷம் வடிகட்டி கேட்டதுக்கு, வடிகட்டியே வேணாம்னு பதில்.

இன்னொண்ணு, எங்க வட சென்னைக்கே உரிய கதை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கின காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் ஜன்னல் கம்பியில் விரலை வச்சு இழுத்தா கறுப்பா வரும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. நல்ல தீர்ப்பு, சந்தோஷம். ஆனா நிலக்கரி எங்கே போச்சு? எண்ணூர் துறைமுகத்துக்கு. தூசு ஒழியல, வீடு மாறிப் போச்சு. ராயபுரத்துக்காரன் துடைச்ச ஜன்னலை இப்போ எண்ணூர்க்காரன் துடைக்கிறான். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆட்கள்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தக்காரங்களாக்கூட இருக்கலாம்.

அதனாலதான் சொல்றேன். 'எங்க தெருவுல வேணாம்'னு மட்டும் கேட்டா, அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுவாங்க. 'மெதுவா, படிப்படியா, ஆனா நிச்சயமா நிறுத்து'ன்னு கேட்டாத்தான் அது தள்ளவும் முடியாது, ஒளிக்கவும் முடியாது. அதுக்கு ஒரு தேதி வேணும். காலண்டரில் வட்டம் போடற மாதிரி தேதி.

*

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். கரண்ட் வேணாமா?

வேணுங்க. ராத்திரி ஃபேன் நின்னா கொசுவோட நாங்களும் ஊருக்கு முன்னாடி எழுந்து உட்காருவோம். 2012-ல் தமிழ்நாடு பட்ட பாடு மறக்கலை. சென்னைக்கு 2 மணி நேரம் கட், கோவை, மதுரைப் பக்கம் 10 மணி நேரத்துக்கும் மேல. அந்த இருட்டை அனுபவிச்சவங்ககிட்ட போய் 'மின் நிலையத்தை மூடு'ன்னு சும்மா சொல்ல முடியாது. கணக்கோட சொல்லணும். சொல்றேன்.

முதலில் ஒரு சின்ன உண்மை. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம், 1970-களில் வந்தது, 450 மெகாவாட், 2017 மார்ச் 31-ல் மூடினாங்க. ஏப்ரல் 1 அன்னைக்கு லைட் எரிஞ்சுது. யாரும் முட்டாளாகலை :-) அதுக்கும் முன்னாடி பேசின் பிரிட்ஜில் நிலக்கரி மின் நிலையம் இருந்த காலம் உண்டு. இப்போ அங்கே இருப்பது 120 மெகாவாட் கேஸ் டர்பைன். ஆக வட சென்னையில் நிலக்கரி நிலையத்தை மூடறதுங்கிறது உலகத்துல நடக்காத அதிசயம் இல்லை. இங்கேயே நடந்திருக்கு.

டெல்லியைப் பாருங்க. பதர்பூர் அனல் மின் நிலையம், 705 மெகாவாட். காத்து கெட்டுப்போச்சுன்னு 2018 அக்டோபரில் நிரந்தரமா மூடிட்டாங்க. டெல்லிக்காரன் நுரையீரலும் எர்ணாவூர்க்காரன் நுரையீரலும் ஒரே மாடல்தானே? இங்கிலாந்து 1882-ல் லண்டனில் நிலக்கரி மின்சாரத்தை ஆரம்பிச்சு, 2024 செப்டம்பர் 30-ல் கடைசி நிலையத்தையும் மூடிடுச்சு. அவங்க பணக்காரங்க, கேஸும் இருக்கு, அதனால முடிஞ்சுதுன்னு சொல்வீங்க. ஒத்துக்கறேன். ஆனா அவங்ககிட்ட இல்லாதது நம்மகிட்ட ஒண்ணு இருக்கே, வெயில்! வடகம் காயவைக்க மட்டுமா அது?

தமிழ்நாட்டோட உச்சத் தேவை 2024 மே 2 அன்னைக்கு 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வட சென்னை முதல் நிலை 630 மெகாவாட். அதாவது நூற்றுக்கு மூணு. முப்பது வயசான அந்த மூணு யூனிட்டிலிருந்து ஆரம்பிக்கலாமேங்கிறதுதான் என் கட்சி.

அதுக்கு பதிலா என்ன? நம்ம மாநிலத்தில் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டியாச்சு. 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் ஆரம்பிச்ச சமாசாரம். சூரிய ஒளி மின்சாரமும் 10,000 மெகாவாட்டைத் தொட்டாச்சு. ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 3 ரூபாய்க்குள் வர ஆரம்பிச்சு வருஷங்கள் ஆச்சு. ஒடிசாவில் நிலக்கரியைத் தோண்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு ஏத்தி, கப்பலில் எண்ணூருக்குக் கொண்டுவந்து, எரிச்சு, சாம்பலைத் தண்ணியில் கரைச்சு ஆத்தங்கரையில் கொட்டற செலவெல்லாம் இதில் கிடையாது.

ஆனா இதை வச்சு உங்களை ஏமாத்த மாட்டேன். மெகாவாட்டுக்கு மெகாவாட் கணக்கு சரியா வராது. 630 மெகாவாட் நிலக்கரி சுமாரா மூணுல இரண்டு பங்கு நேரம் ஓடுதுன்னு வைங்க, சராசரி 400 மெகாவாட். சூரிய ஒளித் தகடு வருஷச் சராசரியில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுக்கும். அப்போ 2,000 மெகாவாட் தகடு வேணும். ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் வந்ததே 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கரில், அது மாதிரி மூணு. ஏழாயிரத்து ஐந்நூறு ஏக்கர்! எண்ணூரைக் காப்பாத்தறேன்னு கமுதிக்காரன் மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கினா, அது ராயபுரத்து ஜன்னல் கதைதான் மறுபடியும்.

அதனால முதலில் கூரையைப் பார்க்கணும். மாதவரம், மாத்தூர், மணலி, செங்குன்றம் வரைக்கும் எத்தனை குடோன்! கண்ணுக்கு எட்டின தூரம் தகரக் கூரை. ஒரு மெகாவாட்டுக்கு சுமாரா ஒரு லட்சம் சதுர அடி கூரை இருந்தா போதும். ஒரு பெரிய குடோனே அதைத் தாண்டும். பள்ளிக்கூடம், மாநகராட்சிக் கட்டடம், மெட்ரோ ஷெட், துறைமுகக் கொட்டகை எல்லாம் சும்மா வெயிலில் வறுபடுது.

நம்ம வீடு? அதில்தான் சிக்கல். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் உண்டு. யாருக்கு? சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி இருக்கிறவங்களுக்கு. மாத்தூரில் பாதிக்கு மேல குடித்தனக்காரங்கதான் எங்க தெருவில். மொட்டை மாடி ஓனருக்கு, மீட்டர் ஓனர் பேருல, துணி காயப்போட மட்டும் நமக்கு அனுமதி. நான் முன்னே இருந்த வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே ரேட்டு வச்சு வாங்கினார். அரசு கொடுக்கிற முதல் 100 யூனிட் இலவசம் எங்கே போச்சுன்னு கேட்டதுக்கு, "வீடு பிடிக்கலைன்னா காலி பண்ணிக்கப்பா"ன்னார். காலி பண்ணிட்டேன். இப்படிப்பட்ட ஊரில் 'வீட்டுக்கு வீடு சோலார்'னா கேட்க நல்லா இருக்கும், நடக்காது. ஒரே இடத்தில் இருக்கிற தகட்டோட மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டருக்குப் பங்கு பிரிக்கிற முறை டெல்லியில் 2019-லேயே வந்தாச்சு. இங்கேயும் குடித்தனக்காரன் பேரில் அது நடக்கணும். பள்ளிக்கூடக் கூரையில் தகடு, அதில் தெருவுக்கே பங்கு. நம்ம தீபாவளி சீட்டு மாதிரிதான், இதைப் புரிஞ்சுக்க எங்க தெரு அக்காக்களுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

"ராத்திரி என்ன பண்ணுவ?" ஆமாம், சரியான கேள்வி. சூரியன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவார், ஏ.சி. பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும். ஆடிக் காத்து வீசற மாசங்களில், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்றாலை ராத்திரியிலும் கை கொடுக்கும். மத்த மாசத்துக்குச் சேமிச்சு வைக்கணும். இதுவும் புதுசு இல்லை. கோயம்புத்தூர் மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலேயே கட்டியிருக்காங்க. கரண்ட் உபரியா இருக்கும்போது தண்ணியை மேலே ஏத்திடுவாங்க, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுப்பாங்க. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்குது. அதோட பேட்டரி விலையும் வருஷத்துக்கு வருஷம் இறங்குது. பழைய எண்ணூர் நிலையம் இருந்த இடத்தில் பெரிய மின் லைன் வசதியெல்லாம் ஏற்கெனவே உண்டு. அங்கே 660 மெகாவாட் நிலக்கரி வைக்கிறதுக்குப் பதிலா பேட்டரி வைக்கச் சொல்லிக் கேட்கலாமே. பேட்டரிக்குச் சாம்பல் குட்டை வேணாம்.

சேமிப்பு வர்ற வரைக்கும் மத்த நிலக்கரி நிலையங்கள் ஓடத்தான் செய்யும். நாளைக்குக் காலையில் 4,130 மெகாவாட்டையும் மூடுன்னு யாரும் சொல்லலை. புதுசு கட்டாதே, பழசுக்குத் தேதி வை. இதைக் கேட்கிறவனைப் பார்த்து 'கரண்ட் வேணாமா'ன்னா எப்படி? ஓட்டை பஸ்ஸை மாத்துன்னு சொன்னா, ஊருக்குப் போக வேணாமான்னு கேட்கிற மாதிரி இருக்கு.

*

இப்போ கஷ்டமான இடம். வேலை.

கருத்துக் கேட்பு கூட்டம்னாலே எங்க பக்கம் இரண்டு குரல் கேட்கும். 2024 டிசம்பரில் அந்த 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு எர்ணாவூரில் கூட்டம் நடந்தது. பொதுவா இந்த மாதிரி கூட்டத்தில் ஒருத்தர் 'மூச்சு விட முடியலை'ம்பார். அடுத்தவர் 'என் பையனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்க'ம்பார். இரண்டு பேரும் ஒரே குப்பமா இருக்கும், சில நேரம் ஒரே வீடாகவும் இருக்கும். வேலை கேட்கிறவரை 'விலை போயிட்டார்'னு திட்டறது ரொம்ப சுலபம். ஆத்துல மீன் போன பிறகு அவர் வேற என்ன கேட்பார்? ஆத்தைக் கெடுத்தவனே வேலை கொடுக்கிறவனாகவும் இருக்கான். எங்க ஊர்ச் சிக்கலே அதுதான்.

ஆனா அந்த வேலை என்ன வேலைன்னும் பார்க்கணும். வாரியத்து நிரந்தர ஊழியருக்கு நிலையம் மூடினா டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஆர்டர் எதுவும் வராது, கேட்டில் நிக்கிற செக்யூரிட்டி 'நாளையிலேருந்து வேணாம்'னு சொல்வார், அவ்வளவுதான். கட்டுமான வேலை உள்ளூர்க்காரனுக்குன்னு சொல்வாங்க. 2025 செப்டம்பர் 30-ல் எண்ணூர் சிறப்பு பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிஞ்சு 9 பேர் செத்தாங்க. வேலைக்காக அசாமிலேருந்து அவ்வளவு தூரம் வந்தவங்க. உள்ளூருக்குப் புகை, வெளியூருக்குச் சாவு. இதைத்தான் 'வளர்ச்சி'ன்னு போர்டு வைக்கிறாங்க.

அதனால தேதி கேட்கும்போதே, அந்தத் தேதிக்குள்ளே யாருக்கு என்ன வேலைன்னும் எழுதிக் கேட்கணும். ஆறு வருஷ வழக்கில் தீர்ப்பாயம் சொன்ன சாம்பல் அள்ளும் வேலை இருக்கு. குழாயைப் பிரிக்கணும், ஆத்தை ஆழப்படுத்தணும், அலையாத்தி நடணும், கூரையில் தகடு மாட்டணும், கழுவணும், ஒயர் இழுக்கணும். இதெல்லாம் பத்து இருபது வருஷ வேலை. கொசஸ்தலை ஆத்தோட ஆழம் எங்கே, மணல் எங்கேன்னு கரையோரக் குப்பத்துக்காரனை விட எந்த இன்ஜினியருக்குத் தெரியும்? அந்த வேலையில் முதல் கையெழுத்து அவங்க கையெழுத்தா இருக்கணும்.

*

ஆக என் பட்டியல் இதுதான். சேர்க்கிறதும் வெட்டறதும் உங்க இஷ்டம்.

1. எண்ணூர் வட்டாரத்தில் புதிய நிலக்கரி யூனிட் கிடையாது. 660 மெகாவாட் விரிவாக்கத்தைக் கைவிடணும். சிறப்பு பொருளாதார மண்டலத்து 1,320 மெகாவாட் நிஜமாவே தேவையான்னு செலவு வரவுக் கணக்கை மக்கள் முன்னாடி வைக்கணும்.

2. வட சென்னை முதல் நிலை 630 மெகாவாட்டுக்கு மூடும் தேதி. அதைத் தொடர்ந்து இரண்டாம் நிலை, வல்லூர் என்று வரிசை. வல்லூர் கரண்ட் பக்கத்து மாநிலங்களுக்கும் போகுது, அதனால அங்கே டெல்லியோடவும் பேசணும்.

3. ஒப்பந்தத் தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியலை இப்பவே எடுக்கணும். மூடின பிறகு எடுத்தா யாரும் இருக்க மாட்டாங்க.

4. சாம்பலை அள்ளி முடிக்காம மூடுவிழா கொண்டாடக் கூடாது. பூட்டுப் போட்டுட்டுச் சாம்பலை விட்டுட்டுப் போறது மூடறது இல்லை, தப்பிச்சு ஓடறது.

5. குடோன் கூரையும் அரசுக் கூரையும் முதலில். விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் கடைசியில்.

6. குடித்தனக்காரனுக்கும் சூரிய மின்சாரத்தில் பங்கு.

இதெல்லாம் நடக்குமான்னு கேட்டா, மக்கள் விடாமல் நின்ன இடங்களில் சிலது நடந்திருக்கு. செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருதுன்னு எவ்வளவு வருஷம் சொன்னாங்க, இன்னும் வரலை. ராமநாதபுரம் உப்பூர் நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை 2021-ல் தீர்ப்பாயம் நிறுத்தி வச்சது. இரண்டு இடத்திலும் முதலில் நின்னது விவசாயியும் மீனவனும்தான்.

நம்ம பதிவர்கள் என்ன செய்யலாம்? கருத்துக் கேட்பு கூட்டத்துக்கு 30 நாள் முன்னாடி பேப்பரில் அறிவிப்பு வரணும், திட்ட அறிக்கையோட சுருக்கம் தமிழிலும் கொடுக்கணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்தத் தமிழைப் படிச்சா சில இடத்துல தலை சுத்தும். அதை எடுத்து ஊருக்குப் புரியற தமிழில் நாலு பேர் நாலு பதிவா போட்டாலே பெரிய உதவி. நேரில் வர முடியாதவங்க எழுத்து மூலமா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கருத்து அனுப்பலாம். வர முடிஞ்சவங்க கூட்டம் முடியற வரைக்கும் இருக்கணும், ஏன்னா யார் யார் என்ன சொன்னாங்கன்னு கடைசியில் அங்கேயே தமிழில் வாசிச்சுக் காட்டணும்னு விதி இருக்கு. பாதி பேர் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிப் போயிடறோம். காலி நாற்காலிக்கு முன்னாடி என்ன வாசிச்சாலும் செல்லுபடியாகும்.

அடுத்த கூட்டத்துக்கு அறிவிப்பு வந்ததும் இங்கே தனிப் பதிவு போடறேன். பேச விருப்பம் இருக்கிறவங்க இப்பவே பெயர் கொடுங்க. மாத்தூரிலேருந்து வண்டி நான் ஏற்பாடு பண்றேன்.

டிஸ்கி 1: நான் இன்ஜினியர் கிடையாது. கூட்டல் கழித்தல் தெரிஞ்ச ஆள். யூனிட்டுக்கு 700 கிராம், ஐந்தில் ஒரு பங்கு எல்லாம் சுமார்க் கணக்கு. மின்வாரியத்தில் இருக்கிற நண்பர்கள் திருத்தினால் தனியா வெளியிடறேன்.

டிஸ்கி 2: 'நீ எழுதற கம்ப்யூட்டரும் நிலக்கரி கரண்ட்லதானே ஓடுது'ன்னு பின்னூட்டம் போட நினைக்கிறவங்களுக்கு: ஆமாம். அதனாலதான் எழுதறேன். அந்தச் சிப்பத்துல என் பங்கும் இருக்கு.